சிறுவர்க்குக் கான்ட்ரா நடனம் கற்பித்தல்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் வழங்கிவரும் கான்ட்ரா நடனத்தில் ஜோடிகள் இரு நெடுவரிசைகளாக எதிரெதிரே நிற்பர். ஒருவர் அசைவுகளை முன்கூட்டியே கூவி அறிவிப்பார். 64 தாளத்தட்டுக்கொருமுறை ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து, புதிய ஜோடியைச் சந்திக்கும். புதியோர் திகைப்பது இந்நகர்விலேயாம். வரிசைக் கோடியை அடைந்தோர் ஒரு சுற்று ஓய்ந்து, எதிர்முகமாகத் திரும்பல் வேண்டும். ஒருவர் தடுமாறினும் அண்டையிலுள்ளோர் ஆட்டமும் குலையும். நாணிய பிள்ளை மறுநாள் வருவது ஐயமே.

ஆதலின் தொடக்கத்தில் இந்நகர்வை நீக்கி, வெர்ஜினியா ரீல் நடனத்திற்போலத் தலைஜோடி கடைசிக்குச் சென்று நிற்க, அடுத்த ஜோடி தலையாகுமாறு அமைப்பர். ஜோடிகள் ஐந்தாறுக்கு மேற்படின், காத்திருக்கும் சிறுவர் குறும்பு செய்யாதிருப்பரோ? அணைத்துச் சுழல்வதற்குப் பதில் இருகை கோத்துச் சுற்றினால் போதும். இவை பழகியபின், விட்ட நகர்வை இசையின்றி இருமுறை நடத்திக் காட்டியே சேர்த்தல் வேண்டும்.