மடுவுக்குச் செல்லும் கூடு

மடுமாதா கோயில் விழாவிற்கு மக்கள் முன்னாளில் கூடாரமிட்ட மாட்டுவண்டியிற் சென்றனர். வழியில் அவ்வண்டியே வீடுமாயிற்று. இன்று சிறு பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி இறக்கும் கூடு அவ்வேலையைச் செய்யக்கூடும். வாங்க முனைவோர் உள்ளே எத்தனை பேர் படுக்கலாமென்றே நோக்குவர். முதலில் நோக்கத்தக்கது பாரம். 700 கிலோ தாங்கும் வண்டியென்றால், கூடும், ஏறுவோரும், தண்ணீரும், சமையற் பாத்திரமும் யாவும் அக்கணக்கில் அடங்கும். 100 லீற்றர் நீரே 100 கிலோ. அதனைப் பின்னச்சுக்கு முன்னே, தளத்தோடு வைத்தல் வேண்டும். பின்னே வைப்பின் முன்சக்கரம் இலேசாகிச் சுக்கான் சொற்கேளாது.

உயரமும் அத்தகையதே. யூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய இரு பெருவிழாக்களும் சோளகக் காற்றுக் காலத்தில் வருவன. மன்னார்த் தீவிலிருந்து புறப்படுவோர் கடக்கும் தாம்போதியிலோ மறைப்பேதுமில்லை. உயர்ந்த கூடு அங்கே தோணிப்பாய்போலக் காற்றை வாங்கும். ஆதலால் தாழ்ந்த கூட்டைத் தெரிந்து, நான்கு மூலையிலும் வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்குக. உப்புக்காற்று அரிக்குமாதலின் துருவேறா உருக்காணியே நன்று.

சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தளத்திலே தேங்கும். மேலே பலகணியிருந்தாற் போதாது, அடியிலும் துவாரம் வேண்டும். நுளம்புக்கு அஞ்சி அதனை அடைத்துவிடுவோர் உளர். கம்பிவலை அடித்தாற் போதும்.