மீன் குட்டைக்கு எந்தப் பிண்ணாக்கு?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைக் கடப்போர் கண்ணில் முதலிற் படுவன ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகளே. ஆயினும் ஏரிப் பாசனத்தை நம்பிய பழைய காஞ்சிபுரம் சீமைதான் அது. இவ்வட்டாரங்களில் குட்டை வெட்டி மீன் வளர்க்கக் கடன் மனு எழுதும் அங்கத்தினரிடம் நான் முதலில் கேட்பது, தீவனத்திற்கு என்ன கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பதே. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

தீவனத்தில் விலை மிகுந்த பொருள் மீன் தூள். நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு புரதம் உடையது. விராலுக்கு அத்தகைய ஆகாரம் வேண்டியிருக்கலாம். நாம் வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களோ தாவரப் புரதத்தைக் கொண்டே நன்கு வளரும். அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி கலந்து இடுவது நெடுங்கால வழக்கம். தவிட்டில் புரதம் சுமார் 12 சதவிகிதம், கடலைப் பிண்ணாக்கில் சுமார் 42. எனவே 100 கிலோ கலவையில் 27 கிலோ புரதம் கிடைக்கும். ஆந்திரத்துக் கொல்லேறுப் பகுதியில் இத்தகைய கலவையைத் துளையிட்ட பைகளில் நிரப்பிக் கழிகளில் கட்டித் தொங்கவிடுகின்றனர். மீன் முட்டித் தின்பதால் வீணாவது குறைவு.

புரதத்தின் அளவு மட்டும் போதாது. அதன் தன்மையும் வேண்டும். கடலையில் லைசின், மெத்தியோனின் என்னும் இரு கூறுகளும் குறைவு. சோயாவில் லைசின் மிகுதி. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி. அரிசியின் குறையை உளுந்து நிரப்புவதை நம் வீட்டுப் பெண்டிர் இட்லி மாவில் என்றோ கண்டுகொண்டனர். குட்டைக்கும் அதே நியாயந்தான். சோயாவை மட்டும் பச்சையாக இடலாகாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று அதில் உண்டு. சூடேற்றினால் அது அழியும்.

பிண்ணாக்கு என்னும் பெயரை மட்டும் பார்த்து மலிவானதை வாங்குவோர் கவனிக்க: இலுப்பைப் பிண்ணாக்கு மீனைக் கொல்லும். அதிலுள்ள சபோனின் நஞ்சைக் கருதியே, குஞ்சு விடுமுன் குட்டையிலுள்ள களை மீன்களை ஒழிக்க அதை இட்டு, ஏறத்தாழ மூன்று வாரம் காத்திருக்கின்றனர். ஆமணக்குப் பிண்ணாக்கு வயலுக்கு உரமாகட்டும்.

நல்ல பிண்ணாக்கும் ஈரம் பட்டால் கெடும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை விளைத்த நஞ்சே காரணம் எனப் பின்னர் தெளிந்தது. அப்ளாடாக்ஸின் என்பது அதன் பெயர். அக்காலத்திலேயே அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களின் ஈரலில் புற்று கண்டது. அங்கே அந்நஞ்சு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலிருந்து வந்தது. கெண்டை அவ்வளவு மென்மையானதன்று; எனினும் அதன் வளர்ச்சி குன்றும். சோயாவின் குறையைப் போல இது சூட்டினால் நீங்காது. கொதிக்க வைத்தும் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கொள்முதலை நான் தணிக்கை செய்தேன். மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததை ஏற்றிருந்தனர். விதிப்படி சரியென்று குறித்தேன். கிடங்கில் மூட்டைகள் மழையீரம் ஏறிய தரையில் கிடந்ததையும், பிரித்தால் பச்சைப் பொடி பறந்ததையும் கண்டும் குறிப்பில் எழுதவில்லை. விலைதான் என் வேலை என்று எண்ணினேன். அறுவடையில் மீன் எதிர்பார்த்த எடையில் பாதிகூட இல்லை. பூஞ்சையே காரணமென்று நிரூபிக்கச் சோதனை ஏதும் செய்யப்படவில்லை. அங்கத்தினர்களின் கடன் தவணை தவறியது மட்டும் பேரேட்டில் இருக்கிறது.

மறு ஆண்டு அச்சங்கத்தார் கிடங்கில் மரப்பலகை அடித்தனர். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை எனத் தீர்மானமும் எழுதினர். இப்போது மூட்டையைப் பிரித்து, கைவிட்டு அள்ளி, முகர்ந்து பார்த்த பின்னரே செயலாளர் ரசீதில் ஒப்பமிடுகிறார். நானும் உடன் நின்று முகர்கிறேன்.