கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டர்

வடமாநிலங்களில் தை மாதத்து விடியற்காலையில் குடியிருப்பு வாயில்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஒருவர் தம் பழைய ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்க்கிறார். சிறிது நேரம் அப்படியே பிடித்திருக்கிறார். பின் நிமிர்த்திக் காலால் உதைக்கிறார். மூன்று உதை, ஐந்து உதை, பத்து உதை. பள்ளிப் பையைச் சுமந்தபடி பிள்ளை அருகில் நிற்கிறது. மதுரையிலோ சென்னையிலோ இருந்தவரை ஓரிரு உதையில் கிளம்பிய வண்டிதான் அது.

அத்தகைய வண்டிகளுள் பலரும் அறிந்தது பஜாஜ் சேத்தக். புனே நகரைச் சேர்ந்த பஜாஜ் நிறுவனம் 1972இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேவார் மன்னர் மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதன் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டி உள்ளது. பெட்ரோலை உந்தித் தள்ளும் பம்பு எதுவும் அதில் இல்லை. மேலிருந்து கீழே நீர் இறங்குவதுபோல், தொட்டியிலிருந்து டேப் வழியாகவும் ரப்பர் குழாய் வழியாகவும் பெட்ரோல் தானே இறங்கிக் கார்புரேட்டரை அடைகிறது. அங்கு மிதவை ஒன்று இருக்கிறது. அறை நிரம்பியதும் அம்மிதவை எழுந்து, ஊசி போன்ற அடைப்பானால் வழியை மூடிவிடும். ஜெட் எனப்படும் நுண்துளை வழியே வெளிவரும் பெட்ரோல் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செல்கிறது. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை.

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பெட்ரோல் துளிகளாகவே தங்கிவிடுவதால், எரியக்கூடிய கலவை கிடைப்பதில்லை. ஆகவே கிளம்பும் பொழுதுக்கு மட்டும் பெட்ரோலின் பங்கைக் கூட்டித் தருவது சோக் குமிழின் வேலை. வண்டியைச் சாய்ப்பதும் அதற்காகவே. சாய்க்கும்போது மிதவை அறையிலுள்ள பெட்ரோல் சிறிது வழிந்து காற்று செல்லும் பாதையில் இறங்குகிறது. காரணம் அறியாமலே பலர் கைக்கொண்ட இம்முறை மூடநம்பிக்கை அன்று. ஆனால் அளவு மீறினால் எஞ்சின் பெட்ரோலில் நனைந்து, அதன்பின் எத்தனை முறை உதைத்தாலும் கிளம்பாது.

சோக்கை இழுத்தும் வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலோர் இங்கேதான் பணத்தை இழக்கின்றனர். புதிய பிளக் வாங்குகின்றனர். பின் கார்புரேட்டரையே மாற்றுகின்றனர். குறை அப்படியே இருக்கிறது. தேர்ந்த மெக்கானிக் எதையும் மாற்றுவதற்கு முன் வலப்பக்க மூடியைத் திறந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனையைப் பார்க்கிறார். பலமுறை உதைத்த பின்னும் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினை வந்தடையவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது தீப்பொறி வலுவிழந்திருக்கலாம். அல்லது பெட்ரோல் மிகுந்திருக்கலாம். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியைப் பின்னோக்கித் தேட வேண்டும். முதலில் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்கு மாற்ற வேண்டுமா என்று பார்ப்பது நல்லது. இதை மறந்து வெட்கப்பட்டவர் பலர். அடுத்து, கார்புரேட்டருடன் இணைந்த குழாயைக் கழற்றி ஒரு புட்டிக்குள் விட்டு டேப்பைத் திறப்பர். பெட்ரோல் தடையின்றி ஒழுகினால் குறை கார்புரேட்டரில் உள்ளது. நுழைவாயிலிலுள்ள சிறுவலையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், ஊசி சிக்கியிருக்கலாம், ஓட்டாமல் பல மாதம் நிறுத்திய வண்டியாயின், பெட்ரோல் ஆவியாகி எஞ்சிய பிசின் ஜெட்டை அடைத்திருக்கலாம். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ குறை மேலே, தொட்டியின் பக்கம் உள்ளது. துருவும் வண்டலும் டேப்பை அடைப்பது வழக்கம். இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய ரப்பர் குழாய்களுக்கும் அது ஒத்துவராது.

எவரும் எளிதில் ஐயுறாத இடம் தொட்டியின் மூடி. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் ஒழுகும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டதும் சீராக வரும். வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். அதற்காகவே தொட்டி மூடியில் ஒரு சிறுதுளை உண்டு. தூசியால் அது அடைபடும். பெட்ரோல் கசியாதிருக்க மூடிக்கு அடியில் பாலிதீன் தாளை வைத்துத் தாமே அடைத்துவிடுவோரும் உண்டு. இக்குறையை அதன் போக்கே காட்டிக்கொடுக்கும். வண்டி நன்றாகக் கிளம்பும். சில கிலோமீட்டர் ஓடும். பின் மூச்சுத் திணறுவதுபோல் திணறி நிற்கும். சற்று நேரம் கழித்து மீண்டும் கிளம்பும். நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாயும் ஒலி சிலவேளை கேட்கும்.

இவற்றைச் செய்ய வேண்டியவர் பெரியவரே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள அடுப்புச் சுடரையும் எட்டும். ஆதலால் எஞ்சின் ஆறிய பின்பே, திறந்தவெளியில், நெருப்பும் மின்பொறியும் அருகில் இல்லாத இடத்தில் மட்டுமே குழாயைக் கழற்றலாம்.

மூடியின் துளையை ஒரு குண்டூசியால் சுத்தம் செய்துவிடலாம். அதே ஊசியை ஜெட்டில் விடக்கூடாது. துளை சிறிது அகன்றாலும் பெட்ரோல் மிகுதியாக இறங்கும். அதைக் காற்றை ஊதியே சுத்தம் செய்ய வேண்டும்.