லேப்டாப் சூட்டை அளக்கும் மென்பொருள்: நிறுவும் முன் என்ன கவனிக்க வேண்டும்?

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், கோடையிலும் காற்று சில்லென்று இருக்கும். அடிவாரத்தில், திண்டுக்கல் சமவெளியில், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. ஒரே லேப்டாப்பில் ஒரே வேலையை இரண்டு இடத்திலும் செய்தால், கீழேதான் அதிகம் சுடும். ஃபேன் உள்ளே இழுப்பது அறைக் காற்றைத்தானே!

"ஃபேன் இப்படிக் கத்துதே, என்னாச்சு?" என்று இணையத்தில் தேடினால் எச்டபிள்யூ மானிட்டர், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் என்று பல இலவச மென்பொருள்கள் வந்து நிற்கும். எல்லாமே பயனுள்ளவைதான். ஆனால், மற்ற செயலிகளைப் போல இவற்றைப் படபடவென நிறுவிவிடக் கூடாது.

ஏன் கூடுதல் கவனம்?

ப்ராசஸரின் சூட்டைச் சொல்லும் சென்சார் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை நேரடியாகப் படிக்க சாதாரண செயலியை விண்டோஸ் அனுமதிக்காது. அதனால் இந்த மென்பொருள்கள் 'டிரைவர்' என்ற சிறு நிரலை நிறுவி, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் இயக்குகின்றன. நிறுவும்போது 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அனுமதி கேட்பது இதற்காகத்தான்.

கெர்னலில் இயங்கும் நிரலால் ஆன்டிவைரஸையே முடக்க முடியும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதுவரை நடந்தவை

2022 அக்டோபர்: ஆஃப்டர்பர்னரின் டிரைவரில் இருந்த ஒரு பலவீனத்தை 'பிளாக்பைட்' என்ற ரேன்சம்வேர் கும்பல் பயன்படுத்துவதை சோஃபோஸ் நிறுவனம் வெளிப்படுத்தியது. டிரைவர் போலியானது அல்ல, அசல்தான். அதைத் தாக்குதல்காரர்களே கொண்டுவந்து நிறுவி, பாதுகாப்பு மென்பொருளின் கண்ணைக் கட்டினார்கள்.

2023 நவம்பர்: கணினியின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளை கூகுளில் தேடியவர்களுக்குப் போலி விளம்பரம் காட்டப்பட்டதை மால்வேர்பைட்ஸ் நிறுவனம் கண்டறிந்தது. கிளிக் செய்தால், 'விண்டோஸ் ரிப்போர்ட்' என்ற தொழில்நுட்பத் தளத்தை அச்சு அசலாகக் காப்பியடித்த பக்கம் திறந்தது. அங்கே கிடைத்த கோப்பு, பாஸ்வேர்டுகளைத் திருடும் 'ரெட்லைன்' நிரலைக் கொண்டுவந்தது. அந்தக் கோப்பில் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது.

2025 மார்ச்: பல மானிட்டர் மென்பொருள்கள் பயன்படுத்திவந்த 'வின்ரிங்0' என்ற பழைய டிரைவரை மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆபத்து எனக் காட்டத் தொடங்கியது. அதன் பலவீனம் 2020-லேயே பதிவாகியிருந்தது. 'ஃபேன் கன்ட்ரோல்' போன்ற நம்பகமான மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கும் எச்சரிக்கை வந்தது.

எதையும் நிறுவாமல் பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் அதன் வெப்பநிலையைப் பார்க்கலாம். விண்டோஸ் 11-ல் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியின் வெப்பநிலை, செட்டிங்ஸில் அந்த டிஸ்க்கின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் இருக்கும். பல கணினிகளில் ப்ராசஸர் சூட்டை பயாஸ் திரையே காட்டும். "எந்த ஆப் இப்படி இழுக்குது?" என்று மட்டும் தெரிய வேண்டுமானால் டாஸ்க் மேனேஜரே போதும்.

நிறுவித்தான் ஆக வேண்டுமா?

* தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாதீர்கள். தயாரிப்பாளரின் இணைய முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.
* டெலிகிராம் குரூப்பில் வரும் கோப்பு, 'கிராக்' பதிப்பு இரண்டும் வேண்டாம். இலவச மென்பொருளுக்கு எதற்கு கிராக்?
* அனுமதி கேட்கும் திரையில் வெளியீட்டாளர் பெயரைப் படியுங்கள். கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது. அது யாருடையது என்பது முக்கியம்.
* "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று எந்த வீடியோ சொன்னாலும் கேட்காதீர்கள். டிஃபெண்டர் எச்சரித்தால், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
* 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்துக்குச் சென்று, 'மெமரி இன்டெகிரிட்டி', 'வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட்' இரண்டும் ஆனில் உள்ளனவா என்று சரிபாருங்கள்.
* வேலை முடிந்ததும் மென்பொருளை நீக்கிவிடுங்கள். பயன்படாத டிரைவர் கணினியில் கிடக்க வேண்டாம்.
* அலுவலக லேப்டாப் என்றால், ஐடி பிரிவிடம் கேட்காமல் எதையும் நிறுவாதீர்கள்.

எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏஎம்டி ரைசன் பலவற்றுக்கு 95 டிகிரியும் உச்ச வரம்பு. அதை நெருங்கும்போது சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ எடிட்டிங், கேம் நேரத்தில் 80-ஐத் தாண்டினால் பதற வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போதே அவ்வளவு சுட்டால்தான் கவனிக்க வேண்டும். ஒரு சென்சார் மட்டும் எந்நேரமும் அசையாமல் 127 டிகிரி காட்டினால், பெரும்பாலும் அந்த இடத்தில் சென்சாரே இணைக்கப்படவில்லை என்று அர்த்தம். வோல்டேஜ், ஃபேன் வேகம் ஆகியவற்றை மாற்றும் பட்டன்களைத் தொடாமல் இருப்பது நல்லது.

தவறான கோப்பைத் திறந்துவிட்டால்?

உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து மெயில், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். அந்தக் கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு. பணம் போயிருந்தால், தாமதிக்காமல் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால், மென்பொருளைத் தேடும் முன் லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். ஃபேன் துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதிலேயே சத்தம் குறைந்துவிடும்.