சிவப்புப் பேனாவை ரூமிலேயே வெச்சுட்டு வாங்க!



என்.எஸ்.எஸ். மணி நேரத்தை எப்படி நிரப்புறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கீங்களா? வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240. மரம் நடுவோம், கேம்பஸைக் கூட்டுவோம், பேரணி போவோம். எல்லாம் நல்ல வேலைதான். ஆனா பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல குழந்தைகளோட உட்கார்ந்து கதை எழுதலாம்னு சொன்னா, "எனக்கே லீவ் லெட்டர் எழுத வராது, நான் எங்க கதை சொல்லித் தர்றது?" என்றுதான் முதல் பதில் வரும்.

கவலைப்படாதீங்க. இதுக்கு எழுத்தாளர் தேவையில்லை. பொறுமையா காது கொடுத்துக் கேட்கிற ஒரு ஆள் போதும்.

முதல்ல நான் செஞ்ச தப்பு

போன வருஷம் நாங்க ஆறு பேர் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வாரம் ஒரு மணி நேரம் போக ஆரம்பிச்சோம். ஆறாம் வகுப்பு. முதல் நாளே ஒரு பையன் ஒரு முழுப் பக்கம் எழுதிட்டான். அவங்க ஆயா வளர்க்கிற ஆடு ரேஷன் கார்டைத் தின்னுட்டுது, அதனால ரேஷன் கடையில ஆட்டையே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. இதுதான் கதை. அருமையான கதை! நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து, ர, ற குழப்பம், ஒற்று விட்டது, பேச்சு வழக்கு என்று 23 இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். நல்லது செஞ்சதாத்தான் அப்போ நினைப்பு.

அடுத்த வாரம் அவன் நாலே வரி எழுதியிருந்தான். "இது ஆடு. ஆடு புல் தின்னும். ஆடு பால் தரும். எனக்கு ஆடு பிடிக்கும்." ஒரு பிழைகூட இல்லை. கதையும் இல்லை.

நல்லா யோசிச்சுப் பாருங்க. தப்பு வராம எழுதணும்னா, தெரிஞ்ச வார்த்தையை மட்டும் எழுதணும். அதை அவன் ஒரே வாரத்தில் கத்துக்கிட்டான். கத்துக் கொடுத்தது நான்.

கடற்கொள்ளையர் கடையில் ஒரு வகுப்பு

இதுக்கப்புறம்தான், மத்த ஊர்ல எல்லாம் இதை எப்படிச் செய்றாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். 2002இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வலென்சியா தெரு 826ஆம் எண் கட்டடத்தில், எழுத்தாளர் டேவ் எக்கர்ஸும் ஆசிரியராக இருந்த நினிவே காலகாரியும் ஒரு இலவச எழுத்து மையம் தொடங்கினார்கள். ஒரு சிக்கல்: நகர விதிப்படி அந்த இடத்தில் கடைதான் நடத்த முடியும். சரி, கடையே வைப்போம்னு முன்னாடி கடற்கொள்ளையர்களுக்கான சாமான் கடை திறந்துட்டாங்க! ஒற்றைக் கண் மூடி, கப்பல் கொடி எல்லாம் விற்பனைக்கு. பின்பக்கம் குழந்தைகளுக்கு மேசை, பக்கத்தில் உட்கார தன்னார்வலர்கள்.

வெறும் வேடிக்கைன்னு நினைக்காதீங்க. "படிப்பில் வீக்கான பிள்ளைகளுக்கான மையம்" என்று போர்டு வெச்சா எந்தக் குழந்தைக்கு உள்ளே வரப் பிடிக்கும்? கொள்ளையர் கடைன்னா ஓடி வருவாங்க. அதுக்காக ஆரம்பத்திலேயே கூட்டம் வந்துடலை. பள்ளி ஆசிரியர்களோடு பேசிப் பழகி நம்பிக்கை வந்த பிறகுதான் குழந்தைகள் வந்தார்கள். இதே பாணியில் 2009இல் டப்ளினில் எழுத்தாளர் ராடி டாய்லும் ஷான் லவ்வும் ஒரு மையம் தொடங்கினார்கள். 2010இல் லண்டனிலும் ஒன்று வந்தது. அங்கே முன்னாடி இருப்பது பூதங்களுக்கான மளிகைக் கடை!

நமக்குக் கடை வேண்டாம். அவங்க வகுப்பு நடத்துகிற முறை போதும். ஒரு வகுப்பே சேர்ந்து ஒரு கதை சொல்லும். தன்னார்வலர் ஒருத்தர் அதை அப்படியே டைப் செய்ய, திரையில் எல்லாருக்கும் தெரியும். இன்னொருத்தர் படம் வரைவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிடுமூஞ்சி எடிட்டர் வேறு இருப்பார், எங்கிருந்தோ மிரட்டிக்கிட்டே. கதை உச்சத்துக்குப் போகும்போது நிறுத்திடுவாங்க. முடிவை ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியா எழுதணும். கிளம்பும்போது ஒவ்வொருத்தர் கையிலும் சொந்த முடிவோட ஒரு புத்தகம் இருக்கும்.

நம்ம ஊருக்கு ஒரு மணி நேரத் திட்டம்

புரொஜெக்டர் தேவையில்லை, கரும்பலகை போதும். 30 குழந்தைகளுக்கு ஆறு பேர்னா, ஆளுக்கு ஐந்து குழந்தைகள்.

முதல் 10 நிமிஷம்: நீங்க ஒரு கதை சொல்லுங்க. பார்த்துப் படிக்காதீங்க, சொல்லுங்க. உங்க பாட்டி சொன்னதா இருந்தா இன்னும் நல்லது.

அடுத்த 20 நிமிஷம்: எல்லாரும் சேர்ந்து கதை. யார் நாயகன், அதுக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படும். இந்த மூணு கேள்வியே கதையை நகர்த்தும். அவங்க சொன்ன வார்த்தையையே பலகையில் எழுதுங்க. உங்க தமிழுக்கு மாத்தாதீங்க.

அடுத்த 20 நிமிஷம்: கதையை நடுவில் நிறுத்திட்டு, முடிவை அவங்களை எழுத விடுங்க. எழுத்து இன்னும் கைவராத குழந்தை இருந்தா, அது சொல்லச் சொல்ல நீங்க எழுதிக் கொடுங்க. எழுதத் தெரியாததால கதை தெரியாதுன்னு ஆகிடாது.

கடைசி 10 நிமிஷம்: விருப்பம் உள்ளவங்க வாசிக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க.

நாலு ஏ4 தாளை ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் 16 பக்கப் புத்தகம் ரெடி. அட்டையில் குழந்தையின் பெயரை, ஆசிரியர் என்று போட்டு, பெரிசா எழுதுங்க. அந்தப் பெயரை அது திரும்பத் திரும்பப் பார்க்கிறதை நீங்களே பார்ப்பீங்க.

கதை வரலையா? வேற்றுமை உருபைக் கூப்பிடுங்க!

"அண்ணா, எனக்கு ஒண்ணுமே தோணல" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். இத்தாலியின் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோடாரி, 1973இல் வந்த தன் புத்தகத்தில் இதுக்கு ஒரு வழி சொல்கிறார். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுங்க. ஒரு குழந்தை பலகையின் இந்தப் பக்கமும், இன்னொன்று அந்தப் பக்கமும் எழுதணும், ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தருக்குத் தெரியாம. அப்புறம் இரண்டையும் சேருங்க.

தமிழ்ல இது இன்னும் சுலபம், வேற்றுமை உருபு இருக்கே! மாடு, லிஃப்ட் என்று வந்தால்: லிஃப்டுக்குள் மாடு. மாட்டுக்கு ஒரு லிஃப்ட். மாட்டால் ஓடும் லிஃப்ட். லிஃப்டைத் தின்ற மாடு. உருபு மாற மாற வேற வேற கதை. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செஞ்ச இலக்கணம் இதுக்கு உதவும்னு அப்போ யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்போ பிழையைத் திருத்தவே கூடாதா?

திருத்தலாம், ஆனா முதல் நாள் இல்லை. முதல் எழுத்தில் கேள்வி மட்டும் கேளுங்க: "அப்புறம் என்ன ஆச்சு? ஆடு அப்போ என்ன சத்தம் போட்டுச்சு?" புத்தகமா நகல் எடுக்கும் நாளில், "இதை ஊரே படிக்கப் போகுது, சரி பார்ப்போமா?" என்று குழந்தையோடு சேர்ந்து திருத்துங்க. அப்போ திருத்தம் தண்டனையா தெரியாது. ஆயா பேசுறது ஆயா பேச்சிலேயே இருக்கட்டும், அது பிழை இல்லை.

போறதுக்கு முன்னாடி

என்.எஸ்.எஸ். அலுவலர் மூலமா தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குங்க. வகுப்பு ஆசிரியர் இருக்கும்போது மட்டும் நடத்துங்க, எந்தக் குழந்தையோடும் தனியா இருக்காதீங்க. குழந்தைகளின் படத்தையும் எழுத்தையும் அனுமதி இல்லாம ஸ்டேட்டஸில் போடாதீங்க. சில கதைகளில் வீட்டு வலி எட்டிப் பார்க்கும். அதை நண்பர்களிடம் பேசாதீங்க, ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்க.

முக்கியமா, எட்டு வாரம்னா எட்டு வாரம் என்று முதல் நாளே சொல்லிடுங்க. மாடல் எக்ஸாம் வந்ததும் சொல்லாமக் காணாமப் போகாதீங்க. அவங்க காத்திருப்பாங்க.

ஆட்டுக்காரப் பையன் என்ன ஆனான்னு கேக்குறீங்களா? மூணாவது வாரம் நான் பேனாவே இல்லாமப் போனேன். "ரேஷன் கடைக்குப் போன ஆடு என்ன செஞ்சுது?"ன்னு கேட்டேன். அவன் முதலில் என் சட்டைப் பையைப் பார்த்தான். அப்புறம் வாயால் சொன்னான், அவன் பென்சிலைக் கடன் வாங்கி நான் எழுதினேன். ஐந்தாவது வாரம்தான் பென்சிலைத் திருப்பி வாங்கிக்கிட்டான். கடைசி வாரம் கதை ஒன்பது பக்கம், பிழைகள் ஏராளம். அதில் அந்த ஆடு ரேஷன் கார்டை முடிச்சுட்டு, அடுத்ததா ஒரு இன்ஜினியரிங் அண்ணனோட ஹால் டிக்கெட்டைத் தின்னுட்டுது.