மண்ணெடுத்த இடம் – 9: கல்லும் கள்ளியும்

கிராவல் எங்கே கிடைக்கிறது, மணல் எப்படி வந்து சேர்கிறது என்பதெல்லாம் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. தோண்டிய குழியை மறுபடி விளைநிலமாக்குவது இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் எல்லைக்கல்லைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

காரணம், புதுச்சேரியை அடுத்த பாகூரின் செப்பேடுகள். 1879-ல் ஜூல் தெலாஃபோன் கண்டெடுத்தவை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் நடந்துவந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்கள் அந்தக் கல்விச்சாலையைத்தான் கொண்டாடுவார்கள். இந்த வாரம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது செப்பேட்டின் தமிழ்ப் பகுதி. அரசன் ஓலை வந்ததும் நாட்டார் அதைத் தலைமேல் வைத்துத் தொழுகிறார்கள். எல்லையைக் கால்நடையாக நடக்கிறார்கள். கல் நடுகிறார்கள், கள்ளியும் நடுகிறார்கள். பிறகுதான் நான்கு எல்லைகளும் விவரமாக எழுதப்படுகின்றன.

கல் ஒன்றே போதாதா? எனக்குத் தோன்றுவது இதுதான். கல்லை ஒரே ராத்திரியில் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டுவிடலாம். வேரூன்றிய கள்ளி வரிசையை அப்படி நகர்த்த முடியாது. நகர்த்தினால் மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிடும். திருகுகள்ளியை ஆடு மாடு கடிக்காது. தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ஒடித்து நட்ட கொம்பே துளிர்க்கும். பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் நிலத்தின் ஓரத்துக்கு இவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது!

இன்றைய கிராவல் குழிக்கு வருவோம். புதுச்சேரியின் வில்லியனூர்ப் பக்கம் ஒரு ஹெக்டேர் மேட்டு நிலம், நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 3 மீட்டர். பேரம் பேச வருகிறவர் மனக்கணக்காக 30,000 கன மீட்டர் என்பார். தமிழ்நாட்டில் பக்கத்துப் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் விடச் சொல்வது வழக்கம். அதையே அளவாகக் கொண்டால், நான்கு பக்கமும் விட்டதுபோக மிஞ்சுவது 85க்கு 85 மீட்டர். நிலத்தில் கால் பங்குக்கு மேல் ஓரமாகவே நின்றுவிடுகிறது. கரை சரியாமல் இருக்க 3 மீட்டர் ஆழத்துக்கு 3 மீட்டர் உள்வாங்கிச் சரிவு வைத்தால், கிடைப்பது சுமார் 20,000 கன மீட்டர். அதிலும் மேலே உள்ள ஓரடி மண்ணை விற்கக் கூடாது. அது 2,000 கன மீட்டருக்கு மேல். ஆக, டிப்பரில் போகக்கூடியது சுமார் 18,000.

பேசியதற்கும் இருப்பதற்கும் 12,000 கன மீட்டர் வித்தியாசம். குத்தகைப் பணத்தை முப்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அந்தப் பன்னிரண்டாயிரத்தை எங்கே தேடுவார்? ஓரத்தில் தேடுவார். இல்லையென்றால் ஆழத்தில் தேடுவார். பக்கத்து வயலின் வரப்பு சரிவதும், குழி நிலத்தடி நீரைத் தொடுவதும் இந்தத் தப்புக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. பாகூர்ப் பக்கம் கடல் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே நல்ல தண்ணீர் மட்டத்தை இறக்குவது உப்புத் தண்ணீருக்கு வழிவிடுவதாகும்.

ஓரத்தை வீணான இடம் என்று நினைக்காதீர்கள். எடுத்து வைத்த மேல்மண்ணை அந்த 7.5 மீட்டர் பட்டையில் வரப்பாகப் போட்டால், கிளறியதில் பொதுமினாலும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வரும். மேல்மண்ணை மலைபோல் குவித்தால் அடியில் காற்றில்லாமல் அதிலிருக்கும் உயிர்கள் செத்துப்போகும். தாழ்வாகப் போட்டுக் கொழுஞ்சியும் சணப்பையும் விதைத்துவிட்டால் மழையில் கரையாது, உரமும் ஏறும். வெளியோரத்தில் கள்ளி. குழி முடிந்த அன்று அதே மண் உள்ளே திரும்பிப் போகும்.

ஆற்றோரப் பட்டா நிலத்தில் மணல் எடுப்பவர்களுக்கு ஓரம் இன்னும் முக்கியம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் கிராமங்களில் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே கரை மெலிந்திருந்தால் வெள்ளம் அதை அறுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கும். பிறகு ஆறு தன் தடத்தையே மாற்றிக்கொள்ளும்.

மூடும் வேலைக்கு வந்தால், 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கம் முடிந்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் வரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதை ஒரு நிபந்தனையாகவே எழுத வேண்டும் என்றது தீர்ப்பு. எந்தப் புல், யார் செலவில், எத்தனை மழைக்காலம் காவல் என்பது பெரிய விஷயம். அடுத்த வாரம் முழுக்க அதற்கே.

அதுவரை ஒரு வேண்டுகோள். நிலத்தைக் குழிக்குக் கொடுக்கப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் சர்வேயரோடும் பக்கத்து நிலக்காரரோடும் நான்கு எல்லையையும் நடந்து வாருங்கள். கல்லையும் கள்ளியையும் உங்கள் கண்முன்னே நடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஜேசிபி உள்ளே வரட்டும்.