தாம்பூலம் வைக்காமல் வந்த பத்திரிகை!

எங்கள் மதுரைப் பக்கம், ஆவணி பிறந்து விட்டால் போதும். வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை வைக்க வருவோர், வரிசை கட்டி விடுவர். நேரில் வந்து வைக்கவில்லை என்றால், முன்பெல்லாம் சொந்த அத்தை வீட்டுக் கல்யாணத்திற்குக் கூட போக மாட்டார்கள். இப்போதோ, வாட்ஸ் - அப்பில் அனுப்பி விட்டு, 'இதையே நேர்ல அழைச்சதா நெனச்சுக்கங்க...' என்கின்றனர். அந்த பழக்கம் தான், என்னை வம்பில் மாட்டி விட்டது.

2025 ஆவணியில் ஒரு நாள், மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து விட்டு, போனை எடுத்தேன். சித்தி மகனின் நம்பரிலிருந்து, 'திருமணத்திற்கு அவசியம் வரவும்' என்று ஒரு செய்தி. கூடவே ஒரு பைல். அவன், தன் மகளுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தது எனக்குத் தெரியும். 'அட, முடிவாயிருச்சா...' என்ற சந்தோஷத்தில், அதைத் தொட்டேன்.

'தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி; போனுக்கு கெடுதல் வரலாம்' என, போனே எச்சரித்தது. மாப்பிள்ளை யார் என்று பார்க்கிற அவசரத்தில், அது கேட்டதற்கெல்லாம், 'அலவ்... அலவ்' என்று அமுக்கித் தள்ளினேன். பத்திரிகை மட்டும் வரவே இல்லை. 'நெட் சரியில்லை போல' என்று, போனை வைத்து விட்டு, தூங்கி விட்டேன்.

சாயங்காலம், பக்கத்து தெரு தோழி வந்து, 'என்னங்க, உங்க வீட்ல கல்யாணமா... சொல்லவே இல்லை...' என்ற போது தான், துாக்கிவாரிப் போட்டது. என் போனில் உள்ள அத்தனை பேருக்கும், என் பெயரிலேயே அந்த பைல் போயிருக்கிறது!

என் பேங்க் கணக்கில் இருந்தது, 600 ரூபாய் சொச்சம். அதனால், எனக்கு பெரிய நஷ்டமில்லை. நஷ்டப்பட்டது, உசிலம்பட்டி பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மதினி. அரை ஏக்கரில் மல்லிகை போட்டு, விடியற்காலை பறித்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பி சேர்த்த பணம். மகனின் பாலிடெக்னிக் பீசுக்காக வைத்திருந்தார். 42 ஆயிரம் ரூபாய், இரண்டே தவணையில் போய் விட்டது.

'ஏத்தா... நீ அனுப்புனதுன்னு தானே தொட்டேன். வேற யாரும் அனுப்பி இருந்தா, தொட்டிருப்பேனா...' என்று, அவர் போனில் கேட்ட போது, எனக்குப் பேச நா எழவில்லை. 'மதினி, நான் அனுப்பலை மதினி...' என்பதையே, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தேன். அவர், அதை நம்பினாரா என்று, இன்று வரை எனக்குத் தெரியாது.

நல்ல வேளை, கல்லுாரியில் படிக்கும் என் மகள், 'அழுறதை அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல, 1930க்கு அடிக்கச் சொல்லு அத்தையை...' என்றாள். இது, சைபர் மோசடிக்கு என்றே இருக்கும், இந்தியா முழுமைக்குமான இலவச உதவி எண். பணம் போனது தெரிந்த உடனேயே சொன்னால், அது எந்தக் கணக்கிற்குப் போயிருக்கிறதோ, அந்த பேங்கிற்குத் தகவல் கொடுத்து, எடுக்க விடாமல் நிறுத்தி வைக்கின்றனர். நேரம் கடந்தால், பணம் கை மாறி, கை மாறி, எவனோ ஏ.டி.எம்.,மில் உருவி விடுவான். மதினி கூப்பிடும் போது, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓடி விட்டது. அப்படியும், 17 ஆயிரம் ரூபாய் நிறுத்தப்பட்டது. மீதி போனது, போனது தான்.

'ரகசிய நம்பரை யாருக்குமே சொல்லலையே... எப்படிப் போச்சு?' என்பது தான் மதினியின் புலம்பல். புகார் கொடுக்கப் போன இடத்தில், போலீசார் விளக்கினர். அந்த பைல், பத்திரிகையே அல்ல, 'ஏ.பி.கே.,' என்று முடியும் ஒரு செயலி. 'அலவ்' கொடுத்ததும், போனில் உள்ள எஸ்.எம்.எஸ்., போட்டோ, நம்பர்கள் எல்லாவற்றையும் திருடனுக்குத் திறந்து விட்டு விடும். மதினியின் மகன், ஏதோ விண்ணப்பத்திற்காக, ஏ.டி.எம்., கார்டை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, அந்த போனிலேயே வைத்திருந்தான். கார்டு நம்பர் போட்டோவில் கிடைத்தது, ஓ.டி.பி., எஸ்.எம்.எஸ்.,சில் கிடைத்தது. வேறென்ன வேண்டும் அவனுக்கு?

இதில், எனக்கு வெட்கம் என்னவென்றால், இந்த வித்தையை, 25 ஆண்டுகளுக்கு முன்பே கேள்விப்பட்டவள் நான். 2000ம் ஆண்டில், மதுரையில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க் கொண்டிருந்தேன். அந்த மே மாதம், 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு, இ - மெயிலில் ஒரு வைரஸ், உலகையே ஆட்டி வைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் கிளம்பியது. காதல் கடிதம் என்று திறந்தால், கம்ப்யூட்டரில் உள்ள படங்களையும், பைல்களையும் அழித்து விட்டு, முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும், நம் பெயரிலேயே தன்னை அனுப்பிக் கொள்ளும். தெரிந்தவர் அனுப்பியது தானே என்று, படித்தவர்களும், பெரிய பெரிய அலுவலகங்களில் இருப்போரும் திறந்தனர். 'யாராவது லவ் லெட்டர் அனுப்புனா, திறக்காதீங்கம்மா...' என்று, மாஸ்டர் சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். காதல் கடிதத்திற்கு பதில், கல்யாணப் பத்திரிகை வந்ததும், நானே திறந்து விட்டேன்!

2022ல், 'இன்று இரவு 9:30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று, பலருக்கு எஸ்.எம்.எஸ்., வந்ததே, நினைவிருக்கிறதா... அதில் இருந்த நம்பருக்குப் பேசியவர்கள், பணத்தைப் பறிகொடுத்தனர். அது, மின் வாரியத்தின் பெயரில். இது, சொந்தக்காரர் பெயரில்.

இப்போது, எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். யார் பெயரில் பைல் வந்தாலும், தொடும் முன், அவருக்கே போன் போட்டு, 'நீ தான் அனுப்பினாயா?' என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சித்தி மகன் உடனே சொல்லி இருப்பான்... அவன் மகளுக்கு, இன்னும் வரனே அமையவில்லை! நிஜப் பத்திரிகை, போட்டோவாகவோ, பி.டி.எப்.,பாகவோ தான் வரும், செயலியாக வராது. 'ஏ.பி.கே.,' என்ற மூன்று எழுத்தை, என் மாமியாருக்குக் கூட, நோட்டில் எழுதிக் காட்டி விட்டாள், மகள். கார்டு, பாஸ்புக் போட்டோக்களை எல்லாம், போனிலிருந்து அழித்து விட்டோம்.

அப்படியே தொட்டு விட்டாலும், உடனே நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து பேங்கிற்கும், 1930க்கும் சொல்ல வேண்டும். போனை, தெரிந்தவரிடம் கொடுத்து, முழுதாகச் சுத்தம் செய்த பிறகே, பயன்படுத்த வேண்டும். அதை விட முக்கியம், 'என் பெயரில் வந்ததைத் திறக்காதீர்கள்' என்று, எல்லாருக்கும் சொல்லி விடுவது. நான் அன்று துாங்காமல் இதைச் செய்திருந்தால், மதினி தப்பித்திருப்பார்.

எனக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை, நான்கு மாதமாக மதினியிடம் கொண்டு போய்க் கொடுத்து வருகிறேன். 'வேணாத்தா... நீயும் தானே ஏமாந்த...' என்று, வாங்க மறுக்கிறார். போன முறை, பூக்கூடைக்கு அடியில் வைத்து விட்டு, பஸ் ஏறி விட்டேன்.

— ஒரு வாசகி, மதுரை.